எல்லாம் ‘கம்பஸ் முடியட்டும்’ என்று நிற்கிறது

வாசகியின் கடிதம்:

எனக்கு 24 வயது. ஊர் வவுனியா. திருகோணமலை வளாகத்தில் முகாமைத்துவம் இறுதி ஆண்டு படிக்கிறேன். கணவருக்கு 28. தம்பலகாமத்தைச் சேர்ந்தவர். நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் ரெஸ்டூரண்ட் பகுதியில் வேலை. நான் இன்டர்ன்ஷிப் செய்யப் போன இடத்தில் பழகினோம். இரண்டு வீட்டிலும் கதைத்து, போன ஆவணியில் கலியாணம் நடந்தது. உப்புவெளியில் ஒரு அனெக்ஸில் இருக்கிறோம், வாடகை 20,000. சீசனில் சேர்விஸ் சார்ஜ், டிப்ஸ் எல்லாம் சேர்த்து அவருக்கு 90,000 அளவில் வரும். மழைக்காலத்தில் 45,000 வந்தாலே பெரிய விஷயம்.

காலை ஏழரைக்கு நான் பஸ்ஸுக்குப் போகும்போது அவர் நித்திரை. நாலு மணிக்கு நான் திரும்பும்போது அவர் வேலைக்குப் போயிருப்பார். இரவு பதினொன்றரைக்குத்தான் வருவார். செவ்வாய்க்கிழமை அவருக்கு ஓஃப். அன்றும் நித்திரை, இல்லாவிட்டால் தம்பலகாமம் போய்விடுவார். பெரிய சண்டை என்று ஒன்றும் இல்லை, ஆனால் தினமும் ஏதோ ஒன்று. நான் சாப்பிடாமல் காத்திருப்பேன். அவர் ஹோட்டலிலேயே சாப்பிட்டுவிட்டு வந்து, ‘உன்னை ஆர் இருக்கச் சொன்னது?’ என்பார். எனக்கு அழுகை வரும். குழந்தை, வேலை, எங்கே இருப்பது, எதைக் கதைத்தாலும் ‘கம்பஸ் முடியட்டும்’ என்பதில் முடிந்துவிடும். கம்பஸ் முடிந்ததும் எனக்கு லீசிங்கில் ஒரு ஸ்கூட்டி எடுத்துத் தருவதாகச் சொல்கிறார், மாதம் 18,000 வருமாம். மாமி கோல் எடுத்தால் ‘விசேஷம் ஒண்டும் இல்லையா, படிப்பு முடிஞ்சதும் இஞ்ச வந்திருங்கோவன், வாடகையாவது மிஞ்சும்’ என்பா. அம்மா ‘படிச்சு முடிச்சிட்டுக் கட்டியிருக்கலாம்’ என்கிறா.

அவர் ஏஎல்லுக்குப் பிறகு ஹோட்டல் கோர்ஸ் செய்தவர். இப்போது ஆட்களுக்கு முன்னால் ‘அவ பட்டதாரி, நான் வெயிட்டர்’ என்று பகிடி விடுகிறார். என் ஆய்வு ஹோட்டல் ஊழியர்களின் வேலைத் திருப்தி பற்றியது. கேள்விக்கொத்துகளை நிரப்பித் தந்ததே அவர்தான். செப்டெம்பரில் ஆய்வறிக்கை கொடுக்க வேண்டும், பரீட்சையும் அதோடு. படிக்கும்போதே கட்டியது பிழையா? பட்டமளிப்புக்கு இரண்டு பேரைத்தான் கூட்டிப்போகலாமாம். யாரைக் கூட்டிப்போவது?

ச., உப்புவெளி

உளவளத்துணையாளரின் பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

பிழையா என்ற கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பிழை இல்லை. கலியாணம் கட்டிய பிறகும் நாலாம் ஆண்டு வரை வந்திருக்கிறீர்கள், ஆய்வறிக்கை கையில் இருக்கிறது, வாடகை மாதாமாதம் கட்டப்படுகிறது. அம்மா சொல்வது அம்மாவின் ஏக்கம். அதற்குப் பதில் சொல்லி வெல்ல வேண்டிய அவசியம் இல்லை. ‘ஓம் அம்மா’ என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

உங்கள் நாளுக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய நேரங்களை வைத்துப் பார்த்தால், செவ்வாய் தவிர்ந்த நாட்களில் நீங்கள் இருவரும் ஒன்றாக விழித்திருப்பது இரவு பதினொன்றரையில் இருந்து நித்திரை வரும் வரைக்கும்தான். மிஞ்சினால் ஒரு மணித்தியாலம். குடும்பத்தின் அத்தனை கதையும் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் வந்து விழுகிறது. சமையல் கேஸ் முடிந்தது, வீட்டுக்காரர் கேட்டது, மாமியின் கோல், சுப்பர்வைசர் திருத்தச் சொன்ன மூன்றாம் அத்தியாயம். அவரோ பிற்பகலில் இருந்து தெரியாத ஆட்களுக்கு முன்னால் சிரித்த முகத்தோடு நின்றுவிட்டு, நிலாவெளி ரோட்டில் பைக் ஓடி வருகிறார். நீங்கள் காலையில் இருந்து எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் அட்டவணைகளைப் பார்த்துக் கண் சிவந்து இருக்கிறீர்கள். இந்த நேரத்தில் இரண்டு நல்ல மனுசர் சண்டை பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம்.

சாப்பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நீங்கள் அதை எழுதிய விதத்தில் அது எனக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிகிறது. பிட்டும் மீன்குழம்பும் ஒரு கோப்பையில், மேலே இன்னொரு கோப்பை கவிழ்த்து மூடியிருக்கிறது. பைக் சத்தம் கேட்டதும் லப்டொப்பை மூடிவிட்டு எழும்புகிறீர்கள். அவர் சப்பாத்தைக் கழற்றும்போதே மேசையைப் பார்க்கிறார். அவருக்கு விளங்கிவிடுகிறது. பசி தாங்காமல் எட்டு மணிக்கே ஸ்டாஃப் மெஸ்ஸில் சாப்பிட்ட ஆளுக்கு, பெண்சாதி வெறும் வயிற்றோடு இருக்கிறாள் என்று பார்த்ததும் வருவது குற்ற உணர்வு. ஆம்பிளைகள் பலருக்குக் குற்ற உணர்வு வந்தால் அது வாயில் கோபமாகத்தான் வெளியே வரும். ‘உன்னை ஆர் இருக்கச் சொன்னது?’ அதை நீங்கள் ‘உன் காத்திருப்பு எனக்குத் தேவையில்லை’ என்று எடுத்துக்கொள்கிறீர்கள். அவர் மனசில் இருந்தது அனேகமாக, ‘ஐயோ, நான் சாப்பிட்டுட்டேனே’ என்பதுதான்.

இதற்கு மருந்து லேசு. நீங்கள் எட்டு மணிக்குச் சாப்பிடுங்கள். அவரும் அங்கே ஏறத்தாழ அதே நேரம் சாப்பிடுகிறார். சாப்பிடுமுன் ஒரு மெசேஜ் போடுங்கள், ‘நான் சாப்பிடப் போறன், நீங்க?’ என்று. அவருக்குப் பதில் போட நேரம் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, பார்ப்பார். அவர் வந்ததும் இரண்டு பேரும் பிளேன்டீ குடியுங்கள். அவ்வளவும் போதும். புருசன் வந்த பிறகுதான் பெண்சாதி சாப்பிட வேண்டும் என்று யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். அம்மாவையும் அம்மம்மாவையும் பார்த்து நீங்களாகப் பழகிக்கொண்டது அது. அவர்களுடைய புருசன்மார் பதினொன்றரை மணிக்கு வேலை முடிந்து வந்தவர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று: ஓகஸ்ட் மாதம் அவருக்கு ஹோட்டலில் தலைக்குமேல் வேலை, உங்களுக்கு ஆய்வறிக்கையில் தலைக்குமேல் வேலை. அந்த மாதத்தில் வீட்டில் சமையல் குறைந்தால் குறையட்டும். கடையில் இடியப்பமும் சம்பலும் சொதியும் வாங்குங்கள், முட்டை அவியுங்கள். ஒரு மாதம் பிட்டு அவிக்காமல் விட்டதால் எந்தக் குடும்பமும் குலைந்ததில்லை. உடுப்புத் தோய்ப்பதை அவர் காலையில் செய்யலாம். அவர் பிற்பகல் ஒரு மணி வரை வீட்டில்தானே நிற்கிறார்? கேட்டுப் பாருங்கள். ‘ஏலாது’ என்று சொல்லக்கூடிய ஆளாக உங்கள் கடிதத்தில் அவர் தெரியவில்லை.

இரவு பதினொரு மணிக்குப் பிறகு காசுக் கதை, குழந்தைக் கதை, மாமி கதை எதையும் எடுக்க வேண்டாம். அது செவ்வாய்க்கிழமைக்குரியது. செவ்வாய் பின்னேரத்தில் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்குங்கள். அவர் தம்பலகாமம் போகிறார் என்றால் போய்விட்டு வரட்டும், ஐந்து மணிக்கு உப்புவெளிக் கடற்கரையில் நில்லுங்கள். வீட்டுக்குள் இருந்தால் போன் வரும், அவருக்கு நித்திரை வரும். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுபோங்கள். பகிடி இல்லை, கொப்பி வேண்டும்.

ஏன் கொப்பி என்றால், ‘கம்பஸ் முடியட்டும்’ என்று நீங்கள் இருவரும் தள்ளிவைத்த விஷயங்களுக்கு உண்மையான திகதி போட வேண்டியிருக்கிறது. நீங்கள் இருவரும் கம்பஸ் முடிவது ஏதோ ஒரு நாளில் நடக்கும் என்று நினைத்திருக்கிறீர்கள். எந்த நாள்? கடைசிப் பேப்பர் எழுதும் நாளா? ஆய்வறிக்கைக்கான வாய்மொழிப் பரீட்சை, அந்த வைவா முடியும் நாளா? றிசல்ட்ஸ் வரும் நாளா? பட்டமளிப்பு நாளா? நியமனம் கையில் கிடைக்கும் நாளா? இவை ஒவ்வொன்றுக்கும் இடையில் மாதங்கள் இருக்கின்றன. சில பட்ச்களுக்குக் கடைசிப் பரீட்சைக்கும் பட்டமளிப்புக்கும் இடையில் ஒரு வருடத்துக்கு மேலும் போயிருக்கிறது. நீங்கள் ஒரு நாளை மனதில் வைத்திருக்கிறீர்கள், அவர் வேறொரு நாளை. செப்டெம்பரில் பேப்பர் முடிந்ததும் அவர் ‘இனி என்ன?’ என்று கேட்பார். நீங்கள் ‘இன்னும் றிசல்ட்ஸ் வரேல்லையே’ என்பீர்கள். அடுத்த சண்டை அங்கேதான் காத்திருக்கிறது.

வேலை விஷயத்தில் இதைத் தெரிந்துகொள்வது முக்கியம். அரச ஆட்சேர்ப்பு விளம்பரங்களில் பட்டமளிப்பு மண்டபத்தில் நீங்கள் தொப்பி போட்ட நாளைப் பெரிதாகக் கணக்கில் எடுப்பதில்லை. பட்டம் எந்தத் திகதியில் இருந்து செல்லுபடியாகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். அந்தத் திகதி உங்கள் பட்டச் சான்றிதழிலும் பெறுபேற்றுக் கடிதத்திலும் இருக்கும். ஆகவே றிசல்ட்ஸ் வந்தவுடன் பெறுபேற்றை உறுதிப்படுத்தும் கடிதத்தையும் விரிவான பெறுபேற்றுப் பட்டியலையும் வளாக நிர்வாகத்தில் கேட்டு எடுத்துவையுங்கள். பட்டமளிப்பு வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அரச வேலை விளம்பரங்கள் வரும் வெள்ளிக்கிழமை வர்த்தமானியைப் பார்க்கும் பழக்கத்தை இப்போதே தொடங்கலாம்.

அரச நியமனத்தை நம்பி வாழ்க்கையை நிறுத்திவைக்காதீர்கள் என்றும் சொல்ல வேண்டும். 2017இல் இந்த ஊரில் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரம் கொட்டகை போட்டு இருந்து போராடியதை நீங்கள் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது கேள்விப்பட்டிருப்பீர்கள். 2020இல் பட்டதாரிகளைப் பயிலுனர்களாக எடுத்தபோது மாதக் கொடுப்பனவு 20,000. எப்போது அடுத்த அழைப்பு வரும் என்பது உங்கள் கையிலும் இல்லை, அவர் கையிலும் இல்லை. முகாமைத்துவம் படித்த, ஹோட்டல் துறையில் ஆய்வு செய்த பிள்ளைக்குத் திருகோணமலையிலேயே கணக்குப் பகுதி, முன்பதிவுப் பகுதி, நிதி நிறுவனம், வங்கி என்று தனியார் வேலை தேட இடம் இருக்கிறது. போகும்போது நியமனக் கடிதம் கேளுங்கள், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டுகிறார்களா என்று கேளுங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, முதலாளி 12 வீதம் போட வேண்டும். ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க முதலாளியின் பொறுப்பு. கேட்கக் கூச்சப்படாதீர்கள், நீங்கள் படித்ததே அதுதான். கையோடு, உங்கள் கணவர் வேலையில் சேர்ந்தபோது ஈபிஎஃப் படிவத்தில் பின்னுரித்தாளராக, அதாவது அவருக்கு ஏதும் நடந்தால் அந்தக் காசைப் பெறுபவராக, யாருடைய பெயரைக் கொடுத்தார் என்றும் கேளுங்கள். கலியாணத்துக்கு முன் கொடுத்தது என்றால் அனேகமாக மாமியின் பெயராக இருக்கும். கலியாணத்துக்குப் பிறகு அதைத் திரும்பப் பார்த்தவர்கள் குறைவு.

இனிக் காசு. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் பயம் தந்த இடம் ஸ்கூட்டி.

இந்தக் கரையில் சீசன் மே மாதம் தொடங்கி செப்டெம்பரோடு இறங்கும். வாடைக்காற்றும் மழையும் வந்தால் கடல் கொந்தளிக்கும், நிலாவெளிக்கு முன்னால் இருக்கும் புறாத்தீவுக்குப் படகு போகாது, வெளிநாட்டவர்கள் தெற்குக் கரைக்குப் போய்விடுவார்கள். பில்லில் போடும் 10 வீத சேர்விஸ் சார்ஜைத்தான் ஊழியர்கள் பிரித்து எடுக்கிறார்கள். பில் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. நீங்கள் பரீட்சை முடித்து வெளியே வருவது சரியாக அந்த நேரத்தில். மகாபொல புலமைப்பரிசில் எடுக்கிறீர்கள் என்றால் அதுவும் அத்தோடு நின்றுவிடும். உங்களுக்குச் சம்பளம் தொடங்கியிருக்காது. அவருடைய 45,000இல் வாடகை 20,000 போனால் 25,000. அதில் லீசிங் 18,000 போனால் மிச்சம் 7,000. அந்த 7,000இல் சாப்பாடு, கேஸ், பெற்றோல், கரண்ட், தண்ணீர், இரண்டு போன். ஏலுமா?

அவர் ஆசையாகச் சொல்கிறார் என்று தெரிகிறது. ஆசையைத் தட்ட வேண்டாம், திகதியைத் தள்ளுங்கள். லீசிங் கடைக்காரர் சீசன் மாதத்துச் சம்பளப் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்து வாங்குவார். நீங்கள் டிசம்பர் மாதச் சம்பளத்தை வைத்துப் பாருங்கள். டிசம்பரில் கட்டக்கூடிய தவணையா? அப்படியென்றால் எடுங்கள். இல்லையென்றால் உங்களுக்கு வேலை கிடைத்த பிறகு, இரண்டு சம்பளத்தில் எடுக்கலாம். அதுவரை புல்மோட்டை பஸ்ஸே போதும். அதற்குப் பதிலாக இந்த ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் மூன்று மாதமும் 20,000 வீதம் தனிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். அந்த 60,000ஐ நவம்பர், டிசம்பர், ஜனவரி மூன்று மாதத்துக்கும் 20,000 வீதம் திரும்ப எடுங்கள். மழைக்காலத்தில் கையில் 65,000 இருக்கும். அந்த மூன்று மாதத்தில் உங்கள் வீட்டில் எத்தனை சண்டை குறையும் என்று அப்போது பாருங்கள். காசைப் போடும்போது இருவர் பெயரிலும் போடுங்கள்.

குழந்தை விஷயத்தில் நான் உங்களுக்குத் திகதி சொல்ல மாட்டேன். 24 வயது, அவசரம் இல்லை. ஆனால் ‘கம்பஸ் முடியட்டும்’ என்பது ஒரு முடிவு இல்லை. பேப்பர் முடிந்த அடுத்த மாதமே என்று அவர் எதிர்பார்க்கிறாரா, ஒரு வருடம் வேலை செய்த பிறகு என்று நீங்கள் நினைக்கிறீர்களா, இதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதே இல்லை என்று நினைக்கிறேன். சொல்லுங்கள். உங்கள் பகுதிக்கு ஒரு மிட்வைஃப் இருப்பார், கலியாணம் கட்டிய தம்பதியரை அவர் பதிவு செய்வது வழக்கம். வாடகை வீட்டுக்கு மாறிவந்தவர்கள் பலர் அந்தப் பதிவில் விடுபட்டுப் போகிறார்கள். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் கேட்டால் அவர் யார் என்று சொல்வார்கள். புதுமணத் தம்பதியருக்கான ஆலோசனை, குடும்பத் திட்டமிடல், ஃபோலிக் அசிட் மாத்திரை எல்லாம் அங்கே இலவசம். ருபெல்லா தடுப்பூசி போட்டதா என்றும் பார்ப்பார்கள். குழந்தை வேண்டாம் என்று இருக்கும்போதும் போகலாம், வேண்டும் என்று நினைத்தால் மூன்று மாதம் முன்னதாகவே போக வேண்டும். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். வேலைக்குப் போன பிறகு என்றால், பிரசவ லீவு 84 நாள் தனியார் துறையிலும் உண்டு என்பதைத் தெரிந்துவைத்துக்கொண்டு முடிவெடுங்கள்.

மாமி. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்வேன். ‘விசேஷம் ஒண்டும் இல்லையா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். அவருடைய அம்மா. செவ்வாயில் தம்பலகாமம் போகும்போது அவரே இருந்து, ‘அம்மா, நாங்க ரெண்டு பேரும் கதைச்சு முடிவெடுத்திருக்கிறம், இதை அவளிட்டக் கேக்காதீங்க’ என்று ஒருமுறை சொன்னால், நீங்கள் நூறுமுறை பவ்வியமாகச் சமாளிப்பதைவிட வேலை செய்யும். மகன் சொன்னால் மாமிக்குக் கோபம் வந்தாலும் இரண்டு நாளில் போய்விடும். நீங்கள் சொன்னால் அது ஊர்க் கதையாகும்.

ஆனால் வாடகை பற்றி மாமி சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாதம் 20,000 சின்னக் காசு இல்லை. அதே நேரம், இரவு பதினொரு மணிக்கு நிலாவெளியில் வேலை முடித்த ஆள் உப்புவெளி தாண்டி, பட்டணம் தாண்டி, தம்பலகாமம் வரை பைக்கில் தினமும் ஓடுவது நடக்கிற காரியமா? மாமியிடம் இதைத்தான் சொல்ல வேண்டும். ‘உங்களோட இருக்க விருப்பமில்லை’ என்ற பொருளில் எதுவும் வந்துவிடக்கூடாது. மழைக்காலத்தில் ஹோட்டல் ஷிஃப்ட் குறையும்போது, பரீட்சையும் முடிந்திருக்கும், கிழமைக் கணக்கில் போய் நில்லுங்கள். வேலை விண்ணப்பங்களை அங்கே இருந்தும் நிரப்பலாம். அதை இப்போதே மாமியிடம் சொல்லிவையுங்கள், அவவுக்கும் எதிர்பார்க்க ஒன்று இருக்கட்டும்.

இனி அந்தப் பகிடி. ‘அவ பட்டதாரி, நான் வெயிட்டர்.’ நீங்கள் இதற்குச் சிரிக்கிறீர்களா, முகத்தை நீட்டுகிறீர்களா என்று எழுதவில்லை. இரண்டும் செய்யாமல் இருப்பது நல்லது. ஆட்களுக்கு முன்னால் அதை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு வந்து, செவ்வாயில், ‘நீங்க அப்பிடிச் சொல்லேக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கு, உண்மையிலயே அப்பிடி நினைக்கிறீங்களா?’ என்று கேளுங்கள். அவருக்குப் பயம் இருக்கக்கூடும். பட்டம் எடுத்த பிறகு உங்கள் சிநேகிதர் வட்டமும், நீங்கள் போய்வரும் இடங்களும், உங்கள் சம்பளமும் மாறும். அப்போது தன்னை எங்கே வைப்பாள் என்று யோசிக்கிற ஆள், யாரும் சொல்வதற்கு முன் தானே சொல்லிவிட்டால் நோவு குறையும் என்று நினைத்துச் சொல்வதுண்டு.

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்கள் வேகமாகத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். கேள்விக்கொத்துகளை நிரப்பித் தந்தவர் அவர். அது என்ன வேலை என்று உங்களுக்குத் தெரியும். சமையல்கட்டில் வேர்த்து நிற்கிற ஆளிடமும், ரூம் துப்புரவு செய்கிற அக்காவிடமும், ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு ஓடுகிற பெடியனிடமும் போய் ஒரு படிவத்தை நீட்டி, ‘என்ர மனிசிக்கு, ஒருக்கா நிரப்பித் தாங்க’ என்று கேட்டிருக்கிறார். ‘சம்பளம் திருப்தியா, மேலாளர் மரியாதையாக நடத்துகிறாரா’ என்ற கேள்விகள் உள்ள படிவம். அதைத் தன் வேலையிடத்தில் கொண்டுபோய்க் கொடுக்கத் துணிச்சல் வேண்டும். நம்பிக்கை இல்லாத ஆள் கேட்டால் யாரும் உண்மையை எழுதித் தரமாட்டார்கள். உங்கள் நாலாம் அத்தியாயத்தில் இருக்கும் ஒவ்வொரு அட்டவணைக்கும் பின்னால் அவருடைய பழக்கமும் மதிப்பும் இருக்கிறது. இதை அவரிடம் சொல்லியிருக்கிறீர்களா? தரவு என்றால் என்ன, அதில் இருந்து என்ன கண்டுபிடித்தீர்கள் என்று காட்டியிருக்கிறீர்களா? ஒரு செவ்வாய்க்கிழமை லப்டொப்பைத் திறந்து காட்டுங்கள். ‘இது சரியா? நீங்க வேலை செய்யிற ஆள், சொல்லுங்க’ என்று கேளுங்கள். ஆய்வு பற்றி உங்களுடைய சுப்பர்வைசருக்குத் தெரியாத நாலு விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கும். வைவாவில் அது உங்களுக்கே கைகொடுக்கும். ஆய்வறிக்கையின் நன்றியுரையில் அவருடைய பெயரை எழுதும்போதும், ‘என் அன்புக் கணவருக்கு’ என்று பொத்தம்பொதுவாக எழுதாமல், தரவு சேகரிப்பில் செய்த உதவிக்கு என்று அவர் செய்த வேலையைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

இவ்வளவும் செய்தும் இரவுச் சண்டை நிற்கவில்லை, உங்களுக்கு நித்திரை வரவில்லை, புத்தகத்தைத் திறந்தால் நெஞ்சு படபடக்கிறது என்றால், தனியாகத் தாங்கிக்கொண்டு இருக்க வேண்டாம். பட்டணமும் சூழலும் பிரதேச செயலகத்தில் உளவளத்துணைக்கென்று இருக்கும் உத்தியோகத்தரைக் கேட்டுப் போங்கள், காசு கட்டத் தேவையில்லை. இரவு நேரத்தில் கதைக்க வேண்டும் என்றால் 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. பரீட்சைக்கு முந்திய மாதத்தில் வருவதை எல்லாம் கலியாணத்தின் தலையில் போடவும் வேண்டாம். கலியாணம் கட்டாத உங்கள் பட்ச் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கும் இந்த மாதம் நித்திரை இல்லை.

பட்டமளிப்புக்கு யாரைக் கூட்டிப்போவது என்பதற்கு வருவோம். இரண்டு இடத்தில் ஒன்று அவருக்கு. ‘எனக்கு அங்க என்ன வேலை’ என்று முதலில் சொல்வார், விடாதீர்கள். திகதி அறிவித்த அன்றே அவருக்குச் சொல்லுங்கள், வேலை முறைப் பட்டியல் (ரோஸ்டர்) போட்ட பிறகு கேட்டால் ஹோட்டலில் லீவு கிடைக்காது. மற்ற இடம் அம்மாவுக்கா அப்பாவுக்கா என்பதை அவர்கள் இருவரும் தங்களுக்குள் கதைத்து முடிவெடுக்கட்டும், நீங்கள் நடுவில் நின்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வர விரும்பும் எல்லோரும் வரட்டும். மண்டபத்துக்குள் இருக்கிற நேரத்தைவிட வெளியே நின்று போட்டோ எடுக்கிற நேரம்தான் கூட. மாமிக்கும் இப்போதே சொல்லிவையுங்கள், ஒரு வான் பிடித்தால் ஆள் கணக்குச் சரியாக வரும்.